மாத்திரையைத் தட்டிவிடாதீர்கள்: தமிழ் இலக்கிய இதழாசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தி வருபவன் நான். உங்களில் சிலருடைய இதழ்களிலும் நூல்களிலும் ஒற்று மிகும் இடத்தையும் மிகா இடத்தையும் பார்த்துக் கொடுத்தவன் என்ற அளவில் என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாதவர்களுக்கும் அந்த அறிமுகம் போதும். கவிஞனோ விமர்சகனோ மருத்துவனோ அல்லாத ஒருவன் இந்தப் பொருளில் மடல் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் அச்சுக்குப் போகும்முன் அதைக் கடைசியாக எழுத்தெழுத்தாக வாசிப்பவன் நான்தான். மறைந்த கலைஞர்களைப் பற்றி நாம் வெளியிட்ட அஞ்சலிகளையும் முன்னுரைகளையும் சிறப்பிதழ்களையும் அப்படி வாசித்து வந்ததில் எனக்குள் சேர்ந்த ஒரு கவலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மனநோயோடு வாழ்ந்து மறைந்த கலைஞர்களுக்கென்று நம்மிடம் ஒரு தனி மொழி உருவாகிவிட்டது. கவிஞர் என்றால் அவர் தன்னையே எரித்துக்கொண்டு வெளிச்சம் தந்தவர். ஓவியர் என்றால் பிறழ்வின் விளிம்பில் நின்று எவரும் காணாத வண்ணங்களைக் கண்டவர். தற்கொலை என்றால் தமது கடைசிக் கவிதையை எழுதி முடித்துவிட்டவர். வெவ்வேறு ஆசிரியர்களின் கட்டுரைகளில் ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வருவது மெய்ப்புப் பார்ப்பவனுக்குத்தான் முதலில் தெரியும். இவற்றை எழுதுகிறவர்கள் அன்பினாலும் இழப்பின் வலியாலும்தான் எழுதுகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் செத்தவருக்கு எழுதும் இந்த வரிகளைச் செத்தவர் வாசிப்பதில்லை. மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, அதை மருந்துக்கடையில் நீட்டலாமா வேண்டாமா என்று யோசித்தபடி பேருந்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு கவிஞர் வாசிக்கிறார்.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் நண்பர். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருக்கு இருமுனைக் கோளாறு இருக்கிறது. மனம் சில மாதங்கள் பாதாளத்தில் கிடக்கும். பிறகு ஒரு நாள் கட்டுக்கடங்காமல் மேலே ஏறும். இரண்டுக்கும் நடுவில் நீண்ட காலம் நம் எல்லோரையும் போல இருப்பார். மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் மாத்திரையும், இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் அவருடைய வாழ்க்கையின் பகுதி. அந்த மாத்திரையால் அவருடைய விரல்கள் லேசாக நடுங்கும். தேநீர்க் கடையில் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். கையெழுத்து அழகாக இருந்த மனிதருக்கு அது சிறிய துன்பம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதத்தில், புத்தகக் காட்சிக்குத் தொகுப்பு கொடுக்க வேண்டிய நெருக்கடியில், அவர் மாத்திரையை நிறுத்தினார். தலைக்குள் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருக்கிறது, ஒரு வரி வர மாட்டேன் என்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் காரணத்துக்கு உரம் போட்டது, ஒரு சிற்றிதழின் சிறப்பிதழில் வந்த கட்டுரை. மறைந்த கவிஞர் ஒருவரைப் பற்றிய அந்தக் கட்டுரையில், மருந்துகள் அவருடைய கவிதையை முதலில் கொன்றன, பிறகுதான் அவர் செத்தார் என்ற பொருள்பட ஒரு வாக்கியம் இருந்தது. அந்தக் கட்டுரைக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான். மூலப்படியில் ‘மருந்துக்கள்’ என்றிருந்ததை ‘மருந்துகள்’ என்று திருத்தியது இன்றும் நினைவிருக்கிறது. அந்த வாக்கியம் உண்மைதானா என்று ஆசிரியரிடம் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்ப எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரத்தில் அவருக்குத் தூக்கம் போயிற்று. நான்கு இரவுகளில் நாற்பத்து மூன்று கவிதைகள் எழுதினார். நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, அதிகாலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தார். முதல் பத்துத் தாள்களில் கையெழுத்து நிமிர்ந்து நிற்கிறது. பிறகு வரிகள் வலப்பக்கம் சரிகின்றன. சில வரிகள் தாளின் விளிம்பைத் தாண்டி மேசைமேல் போயிருக்க வேண்டும், ஏனென்றால் பாதிச் சொல்லோடு நிற்கின்றன. ஒரு தாளில் ‘ஆறு’ என்ற ஒரே சொல் மேலிருந்து கீழ்வரை எழுதப்பட்டிருக்கிறது. அது நதியா, எண்ணா, ஆறுதலின் முதல் பாதியா என்று அவருக்கே பிறகு தெரியவில்லை.

அவற்றை அவர் ஓர் இதழுக்கும் அனுப்பியிருந்தார். இதழ் அவற்றில் பதினொன்றைத் தேர்ந்தெடுத்து, கவிதைகளின் கொதிநிலை குறையக் கூடாது என்பதற்காக எந்தத் திருத்தமும் செய்யாமல் வெளியிடுவதாக ஒரு குறிப்போடு அச்சிட்டது. இதழ் வந்தபோது கவிஞர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். இரண்டு மாதம் கழித்து, தெளிந்து வீடு திரும்பிய பிறகு, அதை எடுத்துப் பார்த்தார். கையெழுத்து என்னுடையது, கவிதை என்னுடையது இல்லை என்றார். அவற்றில் ஒன்றில் அவருடைய மனைவியைப் பற்றியும் மனைவியின் தங்கையைப் பற்றியும், நல்ல நினைவோடு இருந்தால் அவர் ஒருக்காலும் எழுதியிருக்க மாட்டாத வரிகள் இருந்தன. இதழை அந்த வீட்டில் எல்லோரும் வாசித்துவிட்டார்கள். ஒரு கல்யாணத்துக்கு அவர் போக முடியாமல் போனது அதனால்தான்.

நாற்பத்து மூன்றில் இரண்டை மட்டும் அவர் வைத்துக்கொண்டார். அந்த இரண்டையும், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே, நடுங்கும் விரலால் ஏழு மாதம் திருத்தி எழுதினார். அவை அடுத்த தொகுப்பில் இருக்கின்றன. எவை என்று வாசகர் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. மெய்ப்புப் பார்த்த எனக்கே முதலில் பிடிபடவில்லை. அந்த இதழின் பெயரைச் சொல்வதால் பயனில்லை. அதன் ஆசிரியர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, கட்டுரையை விட்டுவைத்த நானும் அப்படியே. நோய்தான் ஊற்று, மருந்து அந்த ஊற்றை அடைக்கும் கல் என்று நாங்கள் இருவருமே யோசிக்காமல் நம்பியிருந்தோம்.

நம்முடைய கட்டுரைகளில் இந்த நம்பிக்கைக்குச் சாட்சியாகத் தவறாமல் அழைக்கப்படுபவர் டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ. காதை அறுத்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1889 மே மாதம் அவர் தாமாகவே பிரான்சின் தெற்கில் உள்ள சான் ரெமி மனநலக் காப்பகத்தில் சேர்ந்தார். ஓராண்டு அங்கே இருந்தார். அந்த ஓராண்டில் சுமார் 150 ஓவியங்கள் வரைந்தார். விண்மீன்கள் சுழலும் அந்தப் புகழ்பெற்ற இரவு ஓவியம் அங்கே சேர்ந்த அடுத்த மாதமே வரையப்பட்டது. அடுத்து நோய் தாக்கியபோது அவர் வண்ணக் குழாய்களை வாயில் வைத்துத் தின்ன முயன்றார். அதனால் வண்ணங்கள் அவரிடமிருந்து எடுத்து வைக்கப்பட்டன. வாரக்கணக்கில் தூரிகையைத் தொட முடியவில்லை. தாக்குதல்களுக்கு நடுவே கிடைத்த தெளிந்த நாட்களில்தான் அந்த 150 ஓவியங்களில் பெரும்பாலானவை பிறந்தன. காப்பகத்தை விட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் பாழாய்ப்போன நோய் இல்லாமல் வேலை செய்ய முடிந்திருந்தால் எவ்வளவோ செய்திருப்பேனே என்று அவரே புலம்புகிறார். அவருடைய காதைப் பற்றி நாம் எழுதிய பக்கங்களில் பத்தில் ஒரு பங்கையாவது இந்தக் கடிதத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

எதிர்த்தரப்புச் சாட்சி ஒருவரையும் நான் மறைக்கக் கூடாது. நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க், தம்முடைய துன்பங்கள் தம்மோடும் தம் கலையோடும் பிரிக்க முடியாதவை, அவற்றை நீக்கினால் கலையும் அழிந்துவிடும் என்றே நம்பியவர். அப்படிச் சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. நோயைச் சுமந்தவர் அவர். ஆனால் 1908இல் மதுவும் மனப்பிரமைகளும் சேர்ந்து அவரை வீழ்த்தியபோது, கோபன்ஹேகனில் ஒரு மருத்துவரின் சிகிச்சையகத்தில் பல மாதங்கள் தங்கினார். குடியை விட்டார், ஊர் திரும்பினார். ஓஸ்லோ பல்கலைக்கழக அரங்கின் சுவர்களுக்காக, கண் கூசும் சூரியன் ஒன்று நடுவில் எழும் மாபெரும் ஓவியங்களை அதற்குப் பிறகு வரைந்தார். 1944இல், எண்பது வயதில் மறையும்வரை வரைந்துகொண்டே இருந்தார். பிற்கால ஓவியங்களில் பழைய உக்கிரம் இல்லை என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. அந்த விமர்சனத்தைக் கேட்டுக்கொள்ள அவர் உயிரோடு இருந்தார்.

நோய் கவனிப்பின்றி அடைத்து வைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு காமிய் கிளாதெல் இருக்கிறார். 1913இல் குடும்பத்தாரால் காப்பகத்தில் சேர்க்கப்பட்ட அந்தப் பிரெஞ்சுச் சிற்பி, வெளியே விடலாம் என்று மருத்துவர்கள் சொல்லியும் குடும்பம் மறுத்ததால், 1943இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் உள்ளேயே இருந்தார். அந்த முப்பது ஆண்டுகளில் அவர் சிற்பம் செய்யவில்லை. மறுபக்கம், 1929இல் பிறந்த ஜப்பானிய ஓவியர் யாயோய் குசாமா 1977 முதல் தம் விருப்பத்தின் பேரில் டோக்கியோவின் மனநல மருத்துவமனை ஒன்றையே இருப்பிடமாக வைத்துக்கொண்டு, அருகில் உள்ள தம் பணிக்கூடத்துக்குப் போய் வேலை செய்து வந்தவர். அவருடைய புள்ளிகளை உலகம் அறியும். அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் வேளாவேளைக்குச் சாப்பாடும் படுக்கையும் மருத்துவரும் இருப்பதை அறிந்தவர்கள் குறைவு.

ஆய்வுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கட்டுரைகளில் ‘அறிவியலும் நிரூபித்திருக்கிறது’ என்ற வரி எளிதாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் அயோவா எழுத்தாளர் பட்டறையில் மனநல மருத்துவர் நான்ஸி ஆண்ட்ரியாசென் செய்து 1987இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தாளர்களில் 80 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனநிலைக் கோளாறு இருந்ததாகவும், ஒப்பீட்டுக் குழுவில் அது 30 விழுக்காடு என்றும் வந்தது. அதில் இருந்த எழுத்தாளர்கள் முப்பதே பேர். நேர்காணல் செய்தவர் ஒருவரே. யார் எழுத்தாளர் என்பதும் அவருக்குத் தெரியும். ஸ்வீடனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2013இல் வெளிவந்த பெரிய ஆய்வு வேறு சேதி சொல்கிறது. படைப்புத் தொழில்களில் இருப்பவர்களுக்குப் பொதுவாக மனநோய் அதிகம் இல்லை. இருமுனைக் கோளாறு மட்டும் விதிவிலக்கு. ஆனால் எழுத்தாளர்களைத் தனியே எடுத்தால் மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் எல்லாம் கூடுகின்றன. தற்கொலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நம்மைப் போன்றவர்கள் பெருமிதப்படுவதற்கான எண் அல்ல இது. தையற்கூடத்தில் வேலை செய்பவர்களுக்குக் கண் கெடுகிறது என்று தெரிந்தால், கண் கெடுவதால்தான் தையல் நன்றாக வருகிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். விளக்கு மாற்றச் சொல்வோம்.

என் நண்பருக்கு நேரடியாகப் பயன்பட்ட ஆய்வு வேறொன்று. டென்மார்க்கைச் சேர்ந்த மோகன்ஸ் ஷோ, லித்தியத்தை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர். அந்த மருந்தை எடுத்துக்கொண்ட 24 கலைஞர்களிடம் அவர் அவர்களுடைய படைப்புப் பணியைப் பற்றி விசாரித்து 1979இல் வெளியிட்டார். 12 பேர் பணி கூடியதாகச் சொன்னார்கள், 6 பேர் மாற்றமில்லை என்றார்கள், 6 பேர் குறைந்ததாகச் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான். குறைந்ததாகச் சொன்ன அந்த ஆறு பேரைப் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். என் நண்பர் சொன்ன பஞ்சும் பொய் இல்லை. அந்த ஆறு பேருக்குத் தேவைப்படுவது அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ மருத்துவரோடு ஒரு பேச்சு. நண்பர் இந்த எண்களைத் தம் மருத்துவரிடமிருந்தே கேட்டறிந்தார். பிறகு அவருக்கு அளவு குறைக்கப்பட்டது. பஞ்சு கொஞ்சம் விலகியது. அந்தச் சிறப்பிதழில் இந்த எண்கள் இருந்திருக்கலாம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கவிஞர் ஆத்மாநாம் 1951இல் பிறந்தவர். 1978இல் ‘ழ’ என்ற சிற்றிதழைத் தொடங்கினார். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். 1984இல், முப்பத்து மூன்றாவது வயதில், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவர் கவிதைகளை பிரம்மராஜன் தொகுத்து 1989இல் வெளிவந்த நூல் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. அந்தத் தொகுப்பை வைத்துக்கொண்டு நான் உங்களிடம் கேட்பது இதுதான்: அவற்றில் எத்தனை கவிதைகள் நோயிலிருந்து வந்தவை? நான் வாசித்தவரையில் அவற்றில் இருப்பவர் தினமும் செய்தித்தாள் வாசிக்கிற, நெருக்கடி நிலையைப் பார்த்துக் கோபப்பட்ட, தெருவில் நடப்பவரைக் கவனிக்கிற, தம்மையே கிண்டல் செய்துகொள்ளத் தெரிந்த ஒரு நிதானமான மனிதர். ‘ஏதாவது செய்’ என்று வாசகனின் தோளைப் பிடித்து உலுக்கும் கவிதையை எழுதியவர் அவர். சொற்களை அவ்வளவு சிக்கனமாக அடுக்குவதற்கு வேண்டிய நிதானம் நோய் கொடுத்தது அல்ல. நோய் எடுத்துக்கொண்டது அவர் எழுதியிருக்கக்கூடிய அடுத்த நாற்பது ஆண்டுகளை. ஆனால் அவரைப் பற்றி எழுதத் தொடங்கும்போது, பெரும்பாலும் நாம் மரணத்திலிருந்து தொடங்கி, அதன் வெளிச்சத்தில் கவிதைகளைப் பின்னோக்கி வாசிக்கிறோம். சாவை அறிந்தபின் வாசித்தால் மழையைப் பற்றிய வரியில்கூட ஒரு முன்னறிவிப்பு கிடைக்கும். தேடினால் மளிகைச் சீட்டிலும் கிடைக்கும்.

ஓவியர் கே. ராமானுஜம் 1973இல் மறைந்தபோது அவருக்கும் முப்பதுகள்தான் நடந்தன. மனச்சிதைவோடு வாழ்ந்தவர். மெல்லிய மைக்கோடுகளால் அவர் கட்டிய மாளிகைகளையும், பறக்கும் உருவங்களையும், பாம்புகளையும், அவற்றுக்கு நடுவே தொப்பியோடு நிற்கும் அவரையும் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தக் கோடுகளுக்கான பயிற்சி சென்னை ஓவியக் கல்லூரியில் கிடைத்தது. அவரைத் தாங்கிக்கொண்ட ஆசிரியர் கே.சி.எஸ். பணிக்கர். தங்க இடம் கொடுத்தது 1966இல் ஓவியர்கள் சேர்ந்து சென்னைக்கு அருகே உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம். ஆசிரியர், இடம், மை, தாள் ஆகிய நான்கையும் விட்டுவிட்டு நோயை மட்டும் அவருடைய கலைக்குக் காரணமாகச் சொல்வது, அந்த மனிதர்கள் செய்ததையும் ராமானுஜம் உழைத்ததையும் ஒருசேர அழித்துவிடுகிறது.

தமிழில் இதற்கு ஒரு வசதியான சொல்லும் கிடைத்துவிட்டது. இறைவனையே ‘பித்தா’ என்று சுந்தரர் அழைத்துப் பாடிய மொழி இது. பித்து என்ற சொல்லில் பக்தியின் மணமும் காதலின் மணமும் இருக்கின்றன. அந்த மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் இதே மொழியில் ‘கீழ்ப்பாக்கம்’ என்பது வசைச்சொல். 1794இல் தொடங்கிய ஒரு மருத்துவமனை, இத்தனை தலைமுறைகளாக ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்துவரும் இடம், நம் திரைப்பட நகைச்சுவைகளில் ஒரு கேலியாகச் சுருங்கிக் கிடக்கிறது. எழுத்தாளனுக்கு வந்தால் பித்து, எதிர்வீட்டுப் பையனுக்கு வந்தால் கீழ்ப்பாக்கம். இரண்டு சொற்களும் சேர்ந்து ஒரே வேலையைத்தான் செய்கின்றன: இரண்டு பேரையுமே மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கின்றன. உளவியல் படித்து, மனநோயாளிகளோடு பணியாற்றிய கோபிகிருஷ்ணன் (1945–2003) ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ நூலில் இந்த இரண்டு சொற்களின் துணையும் இல்லாமல் அவர்களை எழுதிக் காட்டியிருக்கிறார். அந்த முன்மாதிரி நம் அலமாரியிலேயே இருக்கிறது.

படைப்புக்கும் மனநோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தொடர்பின் ஒரு பெரும்பகுதி தொழில் நடக்கும் விதத்தில் இருக்கிறது என்று சொல்ல வருகிறேன். 200 ரூபாய் விலையுள்ள கவிதைத் தொகுப்பு 300 படிகள் விற்றால், பத்து விழுக்காடு உரிமைத்தொகை 6,000 ரூபாய். பல ஆண்டு உழைப்புக்கான அந்த 6,000 ரூபாயையும் கேட்டு வாங்குவதற்குக் கவிஞர் நான்கு முறை தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்கிறது. மனச்சோர்வில் இருப்பவரால் ஒரு முறைகூட அழைக்க முடியாது. மனச்சோர்வு என்பது வெறும் துக்கம் இல்லை. குளிக்க எழுவதே மலையாகிவிடும் நிலை அது. அவர் கேட்கவில்லையே என்பது நம் கணக்கில் வசதியாக முடிந்துவிடுகிறது. இலக்கியக் கூட்டங்களுக்குப் பிறகு விடுதி அறைகளில் நடக்கும் ‘இரண்டாம் அமர்வை’யும் சேர்த்தே சொல்கிறேன். லித்தியம் எடுப்பவர் இரவெல்லாம் குடித்து உடலின் நீர் வற்றினால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறி நஞ்சாகலாம். ‘ஒரு ரவுண்டுதானே, கவிஞர் இப்படிப் பயப்படலாமா’ என்று கேட்பவருக்கு அது தெரியாது. என் நண்பர் பல கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டது அந்தக் கேள்விக்காகத்தான்.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. தற்கொலையால் மறைந்தவரைப் பற்றி எழுதும்போது எப்படி, எங்கே, எதனால் என்ற விவரிப்பை விட்டுவிடுங்கள். செய்தித்தாள்களுக்கு இந்தியப் பத்திரிகைக் குழுமம் 2019இல் இதற்கு நெறிமுறை வகுத்தது. சிற்றிதழ்கள் செய்தித்தாள்களைவிடக் கவனம் குறைந்தவையாக இருப்பது நமக்கு அழகில்லை. மறைவுக்குப் பிந்தைய தொகுப்புகளில் சாவைப் பற்றிய கவிதையைத் தேடிப் பிடித்துக் கடைசிப் பக்கத்தில் வைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். கவிதைகள் எழுதப்பட்ட வரிசையில் நிற்கட்டும். வாழ்க்கைக் குறிப்பில் நோயைச் சொல்ல வேண்டுமென்றால், நீரிழிவைச் சொல்வது போல நோயாகவே சொல்லுங்கள். உயிரோடிருப்பவர் சிகிச்சையில் இருக்கும் செய்தியை அவருடைய ஒப்புதல் இல்லாமல் ‘கவிஞர் நலம்பெற வேண்டுவோம்’ என்ற பெயரில்கூடப் பரப்பாதீர்கள்; 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையும் விவரத்தையும் அவர் ஒப்புதலின்றி ஊடகங்களுக்குத் தருவதை வெளிப்படையாகவே தடுக்கிறது.

அதே சட்டத்தில் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. இந்த மடலில் நான் முக்கியமாக முன்வைக்க விரும்புவது அதிலிருந்து பிறந்த ஒரு யோசனையைத்தான். நோய் மிகும் காலத்தில் தமக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்பதை ஒருவர் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கவும், தமக்குத் துணையாக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது. எழுத்துக்கும் அப்படி ஒரு தாள் இருந்தால் என்ன? நான் இந்த இந்த அறிகுறிகளோடு எழுதி அனுப்புவதை உடனே வெளியிட வேண்டாம். இன்னாரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து என்னிடமே திரும்பக் கேளுங்கள் என்று ஒரு கவிஞர் தம் ஆசிரியரிடம் கொடுத்து வைக்கும் ஒற்றைத் தாள். சட்ட மதிப்பு எதுவும் அதற்குத் தேவையில்லை, ஆசிரியரின் மேசை இழுப்பறையில் இருந்தால் போதும். தாள் கொடுக்காதவராக இருந்தாலும், ஒரே இரவில் முப்பது கவிதைகள் அனுப்பியவரை மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைத்து, தூங்கினீர்களா என்று கேட்பதற்கு எந்தத் தாளும் வேண்டாம். நல்ல கவிதை மூன்று மாதத்தில் ஆறிப்போகாது. ஆறிப்போவது கவிதையாகவும் இருக்காது.

இது ஆசிரியரை மருத்துவராக்கும் வேலை என்று சிலர் மறுக்கக்கூடும். பிரதியின் மேல் ஆசிரியருக்கு அத்தனை அதிகாரம் கூடாது, நோயுற்ற மனம் எழுதியதும் எழுத்துதானே என்பது வலுவான வாதம். நோயில் எழுதியதைத் தெளிந்த பிறகு அந்தக் கலைஞரே வாசித்து, வெளியிடலாம் என்று சொன்னால், தாராளமாக வெளியிடுங்கள். ‘ஆறு’ என்று நிரம்பிய தாளைக்கூட. அப்போது அது அவருடைய முடிவு. அன்று இதழில் வந்த பதினொன்றும் யாருடைய முடிவு என்பதுதான் என் கேள்வி.

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உங்கள் இதழின் உரிமையாளர், அச்சிட்டோர் விவரங்கள் வரும் அந்தச் சிறிய கட்டத்துக்குள், சந்தா விவரத்துக்குக் கீழே இந்த எண்ணுக்கு ஒரு வரி இடம் போதும். பத்து புள்ளி எழுத்தில் போட்டாலும் வாசிக்க வேண்டியவர் வாசித்துக்கொள்வார். அந்த வரிக்கு மெய்ப்புப் பார்க்கக் கூலி கேட்க மாட்டேன்.

இந்த மடலின் முதல் படியை நண்பரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். மருத்துவமனை நாட்களைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு வாக்கியங்களைக் கோடு போட்டு அடித்திருந்தார். கோடு சற்று நடுங்கியிருந்தது. அவை இங்கே இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்